படைப்பை மாற்றுவது எது?

மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் ஷைத்தானின் வேலை" என்று நம்மவர்களில் சிலர் ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். ஹராம் என்று சொல்லுமுன், நடப்பது என்னவென்று அறிவது நம்மீது கடமையல்லவா?

மண்ணில் அக்ரோபாக்டீரியம் என்றொரு நுண்ணுயிர் வாழ்கிறது. செடியில் காயம்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன் மரபணுக்களில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் அது செலுத்தி விடும். அங்கே கழலை வளரும். அந்நுண்ணுயிருக்கு வேண்டிய உணவைச் செடியே ஆக்கித் தரும். 1983-ல் விஞ்ஞானிகள் கழலை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, தாங்கள் விரும்பிய மரபணுவை அந்த நுண்ணுயிர் மூலமே செடிக்குள் அனுப்பிக் காட்டினார்கள்.

நாம் அவித்துண்ணும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 291 பயிர் வகைகளைச் சோதித்தார்கள். அத்தனையிலும் இந்நுண்ணுயிர் இனத்தின் மரபணுத் துண்டு இருப்பதாக 2015-ல் அறிவித்தார்கள். மனிதக் கைபடாமல், வல்ல நாயனின் நியதிப்படி நடந்தது அது!

ஆனால், இயற்கையில் உள்ளது என்பதாலேயே ஒன்று ஆகுமானதாகி விடாது. விஷமும் இயற்கையில் உள்ளதே. ஆகவே மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம்.

படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அன்னிஸா அத்தியாயத்தின் 119-ஆம் வசனம் கூறுகிறது. பிராணிகளுக்குக் காயடித்தல், பச்சை குத்துதல் ஆகியவற்றை இது குறிக்கும் என்றனர் விரிவுரையாளர் சிலர். அல்லாஹ்வின் மார்க்கத்தை மாற்றுவதையே குறிக்கும் என்றனர் வேறு சிலர். மதீனத்து மக்கள் பேரீச்சையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்த்து வந்தார்கள். அது தேவையில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கருதியதைக் கேட்டு மக்கள் அதை விட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உலகக் காரியங்களை மக்களே நன்கறிவர் எனப் பெருமானார் (ஸல்) கூறி விட்டார்கள். இது முஸ்லிம் ஷரீபில் உள்ள செய்தி. எனவே, பயிரில் கை வைத்த மாத்திரத்தில் அதைப் பாவம் என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் எதையும் செய்யலாமா? இல்லை! அறிவும் ஓர் அமானிதமே. சேர்த்த மரபணு எப்பிராணியினுடையது? பன்றியினுடையதாயின் ஆலிம்களிடம் கேட்காமல் உண்ணலாமா? உண்பவருக்கும் மண்ணுக்கும் தீங்குண்டா? ஏழை உழவன் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்க முடியுமா? இவையே கேட்க வேண்டியவை.

புழுவைத் தடுக்கும் மண் நுண்ணுயிர் ஒன்றின் மரபணுவைச் சேர்த்த கத்தரியை, பாதுகாப்பு பற்றிய ஐயங்கள் தீரவில்லை என்று இந்திய அரசு 2010-ல் நிறுத்தி வைத்தது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் பங்களாதேஷ் 2013-ல் அதை அனுமதித்தது. உழவர்கள் விதை எடுத்து வைக்கவும் அங்கே வழியுண்டு. இரண்டு முடிவுகளையும் இக்கேள்விகளைக் கொண்டே எடைபோட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்கச் சொன்னார்கள். மோசடி செய்பவனைத் தம்மைச் சார்ந்தவனல்லன் என்றார்கள். விதையிலோ உணவிலோ உள்ளதை மறைத்து விற்பவனுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு, ஹலாலைப் பேணி வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.