கூட்டுக் கிணறும் தனித்தனி வீடும்

பாகப்பிரிவினை என்றாலே நம் கதைகளிலும் சினிமாவிலும் கண்ணீர்தான். ஒற்றுமை நல்லது, பிரிவு கெட்டது என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். காடு பிரியும், வீடு பிரியும். கிணறும் வண்டித்தடமும் பெரும்பாலும் பொதுவிலேயே நிற்கும். யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை, கரண்டு பில்லை எப்படிப் பங்குபோடுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகூட முறை தவறாமல் தண்ணீர் பாய்ச்சுவதை நான் பார்த்திருக்கிறேன். பிரிவதா கூடாதா என்பதைவிட, பிரிந்த பிறகு எது பொதுவில் நிற்கவேண்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்கு நானறிந்த நல்ல உதாரணம் நிலத்தில் இல்லை, கணினியில் இருக்கிறது. கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் நாம் பயன்படுத்தும் கட்டற்ற அலுவலக மென்பொருள்களின் கதை அது.

ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலைத் திறந்துவிட, ஓப்பன் ஆபிஸ் வந்தது. தமிழ்நாட்டுக்கும் அது அந்நியமில்லை. உமாசங்கர் எல்காட்டின் பொறுப்பில் இருந்தபோது அந்நிறுவனம் லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறியது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. தங்கள் உழைப்பு ஒரு கம்பெனியின் விருப்பு வெறுப்பில் தொங்குகிறதே என்ற பயம், அதை எழுதி வந்தவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. 2010 செப்டம்பர் 28 அன்று ஒரு பெரிய கூட்டம் வெளியேறி டாக்குமெண்ட் பவுண்டேஷனை அறிவித்தது. அவர்களுடைய மென்பொருளுக்கு லிப்ரே ஆபிஸ் என்று பெயர். பழைய பெயர் ஆரக்கிளிடமே தங்கிவிட்டது. 2011 ஜூனில் ஆரக்கிள் அந்தப் பெயரையும் நிரலையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. ஆக, ஒரே தாய் வயிற்றில் இரண்டு பிள்ளைகள்.

‘இருக்கிறதே கொஞ்சம் ஆள், அதிலும் ரெண்டாப் பிரிஞ்சா எப்படி?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டற்ற மென்பொருளில் பிரிந்துபோகும் உரிமை என்பது வீம்பு அல்ல. அங்கே கூட்டுறவுக்கு அர்த்தம் தருவதே அதுதான். வெளியே போக வழியில்லாத இடத்தில் சேர்ந்திருப்பதற்குப் பெயர் ஒற்றுமை இல்லை, கட்டுப்பாடு. கதவு திறந்திருக்கும் வீட்டில் தங்குகிறவர்தான் விருப்பத்தோடு தங்குகிறார்.

இந்தக் குடும்பத்தின் கூட்டுக் கிணறு எது? முதலில் கோப்பு வடிவம். ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ தரமானது. எந்த வீட்டில் எழுதினாலும் அடுத்த வீட்டில் திறக்கலாம் என்பது அதன் வாக்குறுதி. அடுத்தது சொல் திருத்தி. லாஸ்லோ நேமெத் ஹங்கேரிய மொழிக்காக எழுதிய ஹன்ஸ்பெல், லிப்ரே ஆபிஸ், ஓப்பன் ஆபிஸ், பயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. தமிழைப் போலவே விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழி ஹங்கேரியம். அதற்காகச் செய்த கருவி நமக்கும் உதவுவதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது நமக்கு இன்னும் நெருக்கமானது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக வந்து உட்காரவேண்டும். அதைச் செய்கிற ஹார்ஃப்பஸ் என்ற நிரல் லிப்ரே ஆபிஸிலும் இருக்கிறது, பயர்பாக்ஸிலும் இருக்கிறது, நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது. ஓரிடத்தில் பிழை திருத்தினால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் பாயும்.

பொதுக்கிணறு இல்லாத பன்மை எப்படியிருக்கும் என்று தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று நாம் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலம் ரொம்பத் தள்ளி இல்லை. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அதுவும் பன்மைதான், ஆனால் ஒருவர் உழைப்பு இன்னொருவருக்குப் பயன்படாத பன்மை. யூனிகோடு வந்த பிறகு எழுத்துருக்கள் குறையவில்லை, பெருகின. அடியில் ஒன்று பொதுவானதும் மேலே பல செழித்தன.

சேலத்துச் சேகோ ஆலைக்காரர்களும் இதை வேறு வழியில் கண்டுகொண்டவர்கள்தான். ஆலைகள் தனித்தனி, போட்டியும் உண்டு. ஆனால் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் கிடங்கும் ஏலமும் பொது. ஒருவர் சரக்கில் கலப்படம் என்றால் எல்லோருடைய ஜவ்வரிசிக்கும் கெட்ட பெயர் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன். அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபிஸின் உரிமம் வேறு என்பதால் அதன் நிரலை ஓப்பன் ஆபிஸ் அப்படியே சேர்த்துக்கொள்ள முடியாது. இருவருமே கொள்கையோடு தேர்ந்தெடுத்த உரிமங்கள்தான், ஆனாலும் தண்ணீர் ஒரு பக்கம் மட்டுமே பாய்ந்தது. உழைப்பவர்களில் பெரும்பாலோர் லிப்ரே ஆபிஸ் பக்கம் சேர்ந்தார்கள். ஓப்பன் ஆபிஸ் 2014இல் வந்த 4.1 பதிப்பைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டு நின்றுவிட்டது. 2016இல், திட்டத்தை மூடவேண்டி வந்தால் எப்படி மூடுவது என்று உள்ளிருந்தவர்களே விவாதித்தார்கள். 2020 அக்டோபரில் லிப்ரே ஆபிஸ்காரர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உங்களிடம் வருகிறவர்களிடம் எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதே அதன் சாரம்.

நாமக்கல்லில் மனு அடித்துத் தரும் டிடிபி கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கம்ப்யூட்டரில் ஓப்பன் ஆபிஸ்தான் இருந்தது. “ரெண்டும் ஒண்ணுதானுங்க சார், பேருதான வேற?” என்றார். அன்று ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்திருந்தார். டாக்எக்ஸ் கோப்பாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஓப்பன் ஆபிஸ் அந்த வடிவத்தைத் திறக்கும், அதில் சேமிக்காது. “அண்ணா, இன்னைக்குத்தான் கடைசி நாளு” என்றார் அந்தப் பெண். கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓடினார்.

அந்தப் பெண்ணுக்கு உரிமம் பற்றியோ பிரிவினை பற்றியோ எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அவரை வைத்துத்தான் நான் இதை ஒழுக்கம் சார்ந்த கேள்வி என்கிறேன். தன்னார்வத்தில் உழைப்பவரை ‘நிறுத்து’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாலு பேர் பழைய வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தால் அது அவர்கள் பிரியம். ஆனால் பழைய பெயர் வெறும் சொத்து அல்ல. பத்து வருடம் ஆயிரம் பேர் சேர்ந்து சம்பாதித்த நம்பிக்கை அது. பிரிவினைக்குப் பிறகும் ஜனங்கள் அந்தப் பெயரைத் தேடித்தான் வருகிறார்கள். பெயரை வைத்திருப்பவருக்கு அதனாலேயே ஒரு கடன் இருக்கிறது. ‘இந்த வேலை இங்கே நடக்காது, அடுத்த வீட்டில் நடக்கும்’ என்று வாசலில் நின்று சொல்கிற கடன்.

கடன் மற்றவருக்கும் உண்டு. ஜெயித்த தம்பி, அண்ணன் வீட்டை இடித்துவிடச் சொல்லக்கூடாது. லிப்ரே ஆபிஸ் நிற்கும் அஸ்திவாரம் அந்த வீட்டில் போட்டதுதான்.

கூட்டுறவு என்றால் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் வரவேண்டும் என்றில்லை. கோப்பு எங்கும் திறக்கவேண்டும், திருத்தம் எல்லோருக்கும் போய்ச்சேரவேண்டும், நம்பி வருகிறவருக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். மூன்றில் கடைசியை எந்தத் தரச் சான்றிதழும் கட்டாயப்படுத்த முடியாது. அதை மனுஷர்கள்தான் செய்யவேண்டும்.