சிதைந்த ஏழாம் பாட்டு



கார்த்திகை பிறந்துவிட்டது. நம் ராஜா அண்ணாமலைபுரத்து ஐயப்பன் கோயில் பதினெட்டுப் படி முன்னால் மாலையில் நின்று பாருங்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, அதற்கு மேலே அலுவலக அடையாள அட்டை, தோளில் மடிக்கணினிப் பை. தரமணியிலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் வேலை முடிந்து நேரே வருகிற பிள்ளைகள். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், பகல் முழுக்க தர்க்கத்தை நம்பி நிரல் எழுதுகிறேன். சாயங்காலம் சரணம் சொல்கிறேன். எனக்குள்ளே ரெண்டு ஆள் இருக்கிற மாதிரி இருக்கு. இது சரிதானா?"

இன்றைய பேச்சு அந்தத் தம்பிக்கான பதில். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்தான். கணிப்பொறி மேல் எனக்கு இன்றும் தீராத ஆசை உண்டு.

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில்கள் இரண்டு புழங்குகின்றன. "கணிப்பொறியெல்லாம் நம் வேதத்திலேயே இருக்கிறது" என்பது ஒன்று. "அறிவியல் வளர வளரச் சாமி போய்விடும்" என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்பதில்லை. முதலாவது நம் முன்னோருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர்கள் செய்யாத வேலைக்கு அவர்கள் பெயரைப் போடுவது. இரண்டாவதைச் சொல்பவர்களுக்கு டொனால்ட் நூத் என்ற பெரியவரைக் காட்ட வேண்டும்.

கணிப்பொறி படித்த யாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வந்தது. கணக்கு நூல்களை அழகாக அச்சுக் கோக்க வேண்டும் என்று 'டெக்' என்ற மென்பொருளை எழுதி உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். அவர் லூத்தரன் கிறிஸ்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். விவிலியத்தின் பெரும்பாலான ஆகமங்களிலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து, ஆழ்ந்து படித்து, 1991இல் ஒரு நூல் செய்தார். 1999இல் எம்.ஐ.டி.யில் கணிப்பொறியும் கடவுளும் பற்றித் தொடர் உரையே நிகழ்த்தினார். தன் நம்பிக்கையை அவர் ஒளித்து வைக்கவில்லை.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தம் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 2008 வரை 2.56 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்பினார். 256 என்பது இரண்டை எட்டு முறை பெருக்கினால் வருவது; கணிப்பொறிக்காரர்களுக்குச் செல்லமான எண். அந்தக் காசோலையை மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். ஓர் எழுத்துப் பிழைகூடத் தன் பெயரில் நிற்கக் கூடாது என்ற அந்தத் தவிப்பு இருக்கிறதே, அதை வேறொரு கூட்டத்தாரிடமும் நான் பார்த்திருக்கிறேன். நம் திருமுறைகளைக் காத்தவர்களிடம்.

இங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மயிலை. பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தை முன்னால் வைத்துத் திருஞானசம்பந்தர் பாடிய இடம். அந்தப் பதிகத்தைப் பக்தியோடு பாடியிருப்பீர்கள். இன்றைக்கு அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு கபாலீச்சரத்து விழாக்கள் வருகின்றன: ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். எட்டாம் பாட்டுக்கு வந்தால் இராவணன். ஒன்பதில் அயனும் மாலும். பத்தில் அக்காலத்துச் சமணரோடும் பௌத்தரோடும் நடந்த வாதம். பதினொன்றில் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும். சம்பந்தர் பதிகங்களில் இந்த ஒழுங்கு மிகப் பெரும்பாலும் தவறுவதில்லை.

இந்த ஒழுங்கால் என்ன லாபம்? ஓலையில் ஒரு பாட்டு உதிர்ந்துபோனால் எங்கே உதிர்ந்தது என்று தெரிந்துவிடும். பழைய தேவாரப் பதிப்பைப் பிரியுங்கள். பல பதிகங்களில் ஆறாம் பாட்டுக்கு அடுத்து எட்டாம் எண் போட்டிருக்கும். அடியில் ஒரு குறிப்பு, ஏழாம் செய்யுள் சிதைந்துவிட்டது என்று. இராவணன் தன் இடத்தில் நிற்பதால், தொலைந்தது ஏழு என்று பதிப்பாசிரியருக்குத் தெரிகிறது.

சம்பந்தர் நடையில் ஒரு பாட்டுக் கட்டுவது பெரும் புலவர்களுக்கு ஒன்றும் அசாத்தியமில்லை. அந்த இடத்தில் ஒன்றைச் செருகியிருந்தால் நூறு ஆண்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும். ஏட்டை வழிவழியாகப் படியெடுத்தவர்களும் அச்சில் ஏற்றியவர்களும் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். பெரிய பக்தி எது என்று என்னைக் கேட்டால், அந்தக் காலி இடத்தைக் காட்டுவேன். இல்லாததை இல்லை என்று சொல்லும் நேர்மைதான் அது.

வைணவத்திலும் இதே கதை. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்தார். குடந்தைப் பெருமாள் மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களை யாத்திரை வந்தவர்கள் பாடக் கேட்டார். ஆயிரம் பாட்டில் இந்தப் பத்து என்று அவற்றுக்குள்ளேயே கணக்கு இருந்தது. அப்படியானால் மற்றவை எங்கே? அந்தக் கணக்குதான் அவரைத் திருக்குருகூருக்கு ஓட வைத்தது. அங்கே மதுரகவியாழ்வாரின் பதினோரு பாசுரங்களைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதி, நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குரு பரம்பரை சொல்லும் செய்தி. திருவாய்மொழி 1,102 பாசுரமும் அந்தாதி. ஒன்றின் முடிவு அடுத்ததின் தொடக்கம். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டோடு போய்ச் சேர்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும்.

கணிப்பொறிக்கும் இதே தேவை வந்தது. 1950இல் ரிச்சர்ட் ஹேமிங் என்ற கணித அறிஞர், அனுப்பிய செய்தியில் எந்த இடத்தில் பிழை நேர்ந்தது என்று கணிப்பொறியே கண்டுபிடித்துத் திருத்தும் குறிமுறையை வெளியிட்டார். செய்தியோடு சேர்த்துச் சரிபார்க்கும் குறியையும் அனுப்புவது அதன் அடிப்படை. ஹேமிங் நம்மாழ்வாரைப் படிக்கவில்லை. நம்மாழ்வார் ஹேமிங் செய்த கணக்கைச் செய்யவும் இல்லை. ஆனால் தனக்கு அரியது ஒன்று, தான் போன பிறகும் கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்று தவிக்கிறவன், எந்தக் காலத்திலும் இப்படி ஒரு வழியைத் தேடுகிறான். தம்பி, உனக்குள் இரண்டு ஆள் இல்லை. இந்தத் தவிப்பு ஒன்றுதான் பகலில் நிரலாகவும் மாலையில் சரணமாகவும் வருகிறது.

தில்லைக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் பேட்டைக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் பல்கலைக்கழகம் நிறுவிய அதே சிதம்பரம். தேவார மூவர் பாடியவை ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகம் என்பது மரபு. இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் பூட்டிய அறையைத் திறக்கச் செய்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றி எடுத்ததில் மிஞ்சியவை ஏறக்குறைய எண்ணூறு பதிகங்கள். இந்தக் காலத்துக்கு வேண்டியது இவ்வளவே என்று அசரீரி கேட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. நம்பிக்கை உள்ளவனாக அதை வணங்குகிறேன். கணிப்பொறிக்காரனாக ஒன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரே அறை, ஒரே படி, ஒரே பூட்டு என்று வைத்தால் கரையான் வரும்.

அந்த அறைக்கு வெளியே ஒரு படி தப்பியதும் உண்டு. திருவிடைவாய் என்ற தலத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகளில் இல்லை. போன நூற்றாண்டில் அந்தக் கோயில் கல்வெட்டிலிருந்து அதைப் படித்து எடுத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கல்லில் வெட்டி வைத்தது, ஓலை போன பிறகும் நின்றது.

கதை இன்னும் முடியவில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் திருஎருக்கத்தம்புலியூரில் ஒரு பெண் இருந்தார். அவரைத் தில்லைக்கு அழைத்துவந்து, அவர் சொன்னபடி பண் வகுத்தார்கள். பேரரசனும் பெரும் புலவரும் ஒரு பாணர் குலப் பெண்ணின் தொண்டையை நம்பி நின்றார்கள். கோப்பு கையில் இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லாமல் தவித்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

நம் காலத்திலேயே தமிழுக்கு அந்தத் தவிப்பு வந்தது. 1990களில் ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், இன்னொருவர் திரையில் அர்த்தமில்லாத குறிகளாக விழும். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. அப்போது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் ஒரு தமிழ் எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மயிலை'. 1998 பொங்கலன்று அவர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலிருந்து தமிழர்கள் வேலை முடிந்த இரவுகளில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து திருக்குறளையும் திருமுறையையும் திவ்யப் பிரபந்தத்தையும் தட்டச்சிட்டார்கள்; ஒருவர் தட்டியதை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்கள், பிறகு டிஸ்கி, பிறகு ஒருங்குறி என்று குறியீடு மாற மாற எல்லாவற்றையும் மறுபடி மாற்றி வைத்தார்கள். இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் தேவாரம் தேடினால் வருகிறதே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட தொண்டு இருக்கிறது.

அவர்களில் சாமி கும்பிடாதவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் அடியார்கள்தான். நாவுக்கரசர் கையில் உழவாரம் பிடித்தார். கோயில் வாசலில் புல் செதுக்கினார். அந்த வேலை முடிவதே இல்லை. இன்று செதுக்கினால் மழைக்குப் பின் மறுபடி முளைக்கும். மென்பொருளைப் பராமரிப்பவனுக்கு இது தெரியும். 2014இல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை தெரியவந்தபோதுதான், உலகத்தின் பணப் பரிமாற்றத்தையும் கடவுச்சொல்லையும் காத்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலை மிகச் சிலரே பராமரித்து வந்தார்கள் என்று உலகம் அறிந்தது.

திருக்கோட்டியூரில் இராமானுசர், தாம் பாடுபட்டுப் பெற்ற மந்திரப் பொருளைக் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார். தனக்கு நரகம் வந்தாலும் கேட்டவர்களுக்கு மோட்சம் கிடைக்கட்டும் என்றார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்து, மென்பொருளை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்றார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இருவரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பெற்றதைப் பூட்டி வைக்க மனம் வராதவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள் என்கிறேன்.

பூட்டி வைக்காவிட்டாலும், ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981 மே 31 இரவு தொடங்கி பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பல். அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் மொழியறிஞர் தாவீது அடிகளார் உயிர் விட்டார். பூம்பாவையை எழுப்பிய மாதிரி அவற்றை எழுப்ப நமக்குச் சம்பந்தர் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தார், ஈழத்தில் மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக மின்வருடி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இத்தகைய இயந்திரம், தான் படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களை வைத்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக்கொண்டே போகிறது. பெரிய சாதனை, நான் அதை வெறுக்கவில்லை. ஆனால் அது அதிகம் படிக்காத இடத்தில் கேள்வி கேட்டால், தெரியாது என்று நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போய்விடக்கூடும். அப்பர் பாட்டு ஒன்று சொல் என்றால், அப்பர் பாடாத ஒன்றை அப்பர் பெயரிலேயே தரக்கூடும். தலப் பெயரும் பண்ணும்கூடப் போட்டுத் தரும். காலை வணக்கத்தோடு அதை நாம் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். நம் முன்னோர் பல நூற்றாண்டு காலியாகக் காத்த ஏழாம் பாட்டை ஒரு நொடியில் நிரப்ப ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. இது ஒருபோதும் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. குற்றம் இயந்திரத்துடையது இல்லை. சரிபார்க்காமல் பகிரும் விரலுடையது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது; அதன் மின்னூலகத்தில் பன்னிரு திருமுறையும் உண்டு. ஒரு பாட்டை யாருக்காவது அனுப்புவதற்கு முன் அங்கேயோ அச்சு நூலிலோ ஒப்பிட்டுப் பாருங்கள். மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் மண்டலம் முடியும் வரை தினம் ஒரு பக்கம் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து மூலத்தோடு ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி, படிக்க முடியாத இடத்தைப் படிக்க முடியவில்லை என்றே குறித்து வையுங்கள். தாய்மார்கள், உங்கள் கோயில் ஓதுவார் பாடும்போது அவர் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பண்ணின் பெயரையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். இந்த மண்டபத்திலேயே இன்று பெயர் கொடுத்தால், எப்படிச் செய்வது என்று அடுத்த ஞாயிறு காலை நானே உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.