பயன் கருதிய உறவு

நெடுந்தீவு மதில்களிலே அடுக்கப்பட்டுள்ள முருகைக்கற்கள் ஒருகாலத்தில் கடலடி உயிர்கள் கட்டிய வீடுகள். சின்னஞ்சிறு முருகை உயிரி அவற்றைத் தனித்துக் கட்டவில்லை. அதனுடலினுள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒருகலப் பாசி குடியிருக்கின்றது. சூரிய ஒளியில் தான் ஆக்கும் உணவிற் பெரும்பங்கை, சிலவேளை 90 வீதம் வரை, பாசி வீட்டுக்காரருக்கே கொடுக்கின்றது. முருகையின் கழிவு பாசிக்குப் பசளை. முருகையின் நிறமுங்கூடப் பெரும்பாலும் பாசி தந்ததே.

பயன் கருதிச் செய்யும் உதவி அறமாகாது என்பர் சிலர். அப்படியாயின் இது வெறும் பண்டமாற்று. ஆயினும் இதனால் எதுவுங் கொடாமலே வாழ்ந்தவர் எத்தனை பேர்! மீன் பிடித்தவர், அலை தணிந்த கரையிற் குடியிருந்தவர், மதில் கட்டியவர். அறம் தவறியவரைத் தேடுவதானால் இங்கேதான் தேடவேண்டும்.

கடல்நீர் வழமையான கோடை வெப்பத்திலும் 1 பாகை செல்சியஸ் கூடிச் சில வாரம் நின்றால், பாசியின் தொழில் குழம்பி நஞ்சு சுரக்கின்றது. முருகை அதனை வெளியேற்றிவிட்டு, வெளிறிப் பட்டினி கிடக்கின்றது. 1998இல் இலங்கைக் கரைகள் பலவற்றில் முருகைகள் இவ்வாறே மாண்டன. வெப்பத்தைக் கூட்டியது மனிதர் எரித்த எண்ணெயும் நிலக்கரியும், முருகையுமன்று, பாசியுமன்று.

மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் 2002 முதல் முருகைத் துண்டுகளைச் சீமெந்துப் பலகைகளிற் கட்டிக் கடலில் நட்டு வருகின்றனர். பட்ட கடனில் ஒரு சிறு பகுதி அது. முருகையைக் கட்டலாம், பாசியைக் கட்டிவைக்க முடியாது. வெளிறிய முருகை உடனே இறப்பதில்லை. நீர் விரைவிற் குளிர்ந்தால் பாசி மறுபடி குடிவருகின்றது. பிந்தினால் கல்லே மிஞ்சுகின்றது.