இந்த வருசத்துக்குப் போட்டுக்க

புரட்டாசியில் எங்கள் பக்கம் மண்ணில் விழும் விதைகள் இரண்டு வகை. சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர் எங்களுடையது. மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் நெல்லும் முண்டு மிளகாயும் ஒரு வகை. தையில் நெல் வீட்டுக்கு வந்துவிடும். மிளகாயில் மாசி, பங்குனியில் பழம் பறிப்பார்கள், சித்திரை வெயிலில் செடி கருகிவிடும். இன்னொரு வகை பனங்கொட்டை. ஆடி, ஆவணியில் விழுந்த பழத்தின் கொட்டையை வரப்போரம் குழி தோண்டிப் போடுவார்கள். அது காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும்.

என் அத்தை முதல் வகையை மட்டுமே விதைத்தவள். இருபத்தாறு வயதில் கணவரை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். கண்மாய்க்குக் கிழக்கே இருந்த ஒரு துண்டு நிலத்தை அப்பா அவளுக்குக் காட்டினார். "இந்த வருசத்துக்குப் போட்டுக்கக்கா" என்றார். அடுத்த வருசமும் அதையேதான் சொன்னார். நாற்பது வருசத்துக்கு மேல், ஒவ்வொரு ஆவணிக் கடைசியிலும் அத்தை திண்ணையில் வந்து உட்காருவாள், அப்பா அந்த வாக்கியத்தைச் சொல்லுவார். ஒரு முறைகூட அவர் மறுத்ததில்லை. ஒரு முறைகூட அவள் கேட்காமல் விதைத்ததும் இல்லை.

ஒரே ஒரு தடவை, அந்தத் துண்டின் வரப்பில் பத்துப் பனங்கொட்டை ஊன்றலாமா என்று கேட்டாள். அப்பா கோபப்படவில்லை. "மரமெல்லாம் வேணாங்கக்கா. பிற்காலத்துல பேச்சு வரும்" என்றார். எங்கள் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். பயிர் வைக்கலாம், மரம் வைக்கக் கூடாது. மரம் வைத்தவர் திரும்பி வருவார், நிழலில் உட்காருவார், இது நான் வைத்தது என்பார்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஒரு பழமொழி உண்டு. தான் அனுபவிக்காத பலனுக்காக உழைப்பவனின் பெருமையைச் சொல்ல அதை எடுப்பார்கள். அதில் வருகிற 'அவன்' வெறும் இலக்கணப் பழக்கம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகளுக்காக நடுவதற்கு நல்ல மனசு மட்டும் போதாது, இருபது ஆண்டு கழித்தும் அந்த வரப்பு தன்னுடையதாகவோ தன் பிள்ளையுடையதாகவோ இருக்கும் என்ற நிச்சயமும் வேண்டும். பழமொழி புகழ்வது ஒரு குணத்தை. அந்தக் குணம் முளைக்க ஒரு சொத்துநிலை தேவைப்படுகிறது என்பதை அது சொல்வதில்லை.

பெண்கள் அன்றன்றைக்கு உள்ளதைத்தான் பார்ப்பார்கள், அவர்களுக்குத் தொலைநோக்கு கிடையாது என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது அவர்கள் இயல்பாம். இந்த 'இயல்பு' என்ற சொல்லைப் பற்றி மிளகாய்ச் செடி ஒரு பாடம் வைத்திருக்கிறது.

மிளகாயின் தாவரவியல் பெயர் கேப்சிகம் ஆனுவம். ஆனுவம் என்றால் ஓராண்டுக்கு உரியது. 1753இல் இந்தப் பெயரைப் பதிவு செய்தவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். உறைபனி விழும் நாடுகளில் மிளகாய்ச் செடி ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. வசந்தத்தில் நட்டு, பனிக்கு முன்பே பறித்து முடித்தாக வேண்டும். அங்கே அது ஓராண்டுச் செடிதான். ஆனால் அதன் தாயகமான வெப்பமண்டல அமெரிக்காவில் அது பல ஆண்டு நிற்கும், தண்டு மரம்போலத் தடிக்கும். எங்கள் ஊரில் அதைக் கொல்வது பனியல்ல, சித்திரை வெயிலும் தண்ணீர் இல்லாமையும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் கொல்லைப்புறத்தில் தப்பி முளைத்த ஒரு மிளகாய்ச் செடி மூன்று வருசம் காய்த்ததை நானே பார்த்திருக்கிறேன். ஓராண்டு என்பது அந்தச் செடியின் இயல்பல்ல. ஓரிடத்தின் குளிரையோ வறட்சியையோ செடியின் பெயராக எழுதிவிட்டார்கள்.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களின் அடிமைநிலை பற்றி 1869இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருக்கமான ஓர் உவமை சொல்கிறார். ஒரே மரத்தின் ஒரு பாதியை வெதுவெதுப்பான கூடத்தில் வைத்து வளர்த்து, மறுபாதியைப் பனியில் விட்டுவிட்டு, மரம் தானாகவே இப்படித்தான் வளர்கிறது என்று நம்பும் தோட்டக்காரர்களைப் பற்றியது அது. அத்தையின் நாற்பது வருசத்தை யோசிக்கும்போது எனக்கு அந்தத் தோட்டக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு வருசமும் ஒரு வருசத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு வருசத்துக்கு மேல் யோசிக்கத் தெரியாது என்று எங்கள் வீட்டிலேயே பேசியிருக்கிறோம்.

பெண்ணை நாற்று என்பதும் இதே வகைப் பேச்சுத்தான். நாற்றங்காலில் வளர்ந்து வேறு வயலில் நடப்பட வேண்டியவள், பிடுங்கி நட்டால்தான் செழிப்பாள் என்று கல்யாண வீடுகளில் கண்கலங்கச் சொல்வார்கள். ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களுக்கு அந்த உவமை பொருந்தலாம். எங்கள் மானாவாரி நிலத்தில் பெரும்பாலும் நாற்றங்காலே கிடையாது. நெல்லை நேரடியாக விதைக்கிறோம். விழுந்த இடத்திலேயே முளைத்து, விழுந்த இடத்திலேயே கதிர் விடுகிறது. எங்கள் வயலே மறுக்கிற ஓர் உவமையை எங்கள் மகள்களுக்கு மட்டும் இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

அப்பா கெட்டவரா? இந்தக் கேள்வியைத் தாண்ட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவர் அக்காவுக்குச் சோறு போட்டார், காய்ச்சலுக்கு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவரிடம் அன்பு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்பு, தயவு, உரிமை மூன்றும் ஒன்றல்ல. தயவு ஓராண்டுப் பயிர். ஒவ்வொரு ஆவணியிலும் அது புதிதாக விதைக்கப்பட வேண்டும், அதற்காக ஒருத்தி திண்ணையில் வந்து உட்கார வேண்டும். கொடுப்பவர் எவ்வளவு நல்லவர் என்பது இதில் எதையும் மாற்றுவதில்லை. இன்னும் சொன்னால், அவர் நல்லவராக இருப்பதால்தான் வாங்குபவளால் வாயைத் திறக்க முடிவதில்லை. உரிமை அப்படியல்ல. ஒரு முறை வேர் பிடித்துவிட்டால், கொடுத்தவர் மனம் மாறினாலும் அது நிற்கும்.

சட்டத்தில் உரிமை இல்லாமலில்லை. பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் பங்கில் மகளுக்கும் ஒரு பாகம் தந்தது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளைப் பிறப்பாலேயே பங்குக்கு உரியவளாக்கியது. ஆனால் அதற்குமுன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வரம்பையும் நீக்கியது. என் தாத்தா உயில் எழுதாமல்தான் இறந்தார். ஆகவே 1956ஆம் ஆண்டுச் சட்டப்படியே அத்தைக்கு ஒரு சிறு பாகம் இருந்தது. அது அந்தக் கண்மாய்த் துண்டைவிடப் பெரியதாகவே இருந்திருக்கும். தனக்குச் சொந்தமானதைத்தான் அவள் நாற்பது வருசம் இரவல் கேட்டிருக்கிறாள்.

ஏன் கேட்கவில்லை என்று அவளிடமே கேட்டேன். "கேட்டிருந்தா நிலம் வந்திருக்கும். பொறந்த வீடு போயிருக்கும்" என்றாள். இந்தக் கணக்கை அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் நில உடைமைகளில் பெண்கள் பெயரில் நடப்பவை சுமார் 14 சதவீதம்தான். சட்டம் ஒரு பக்கம் பெருகிக்கொண்டே போக, இந்த எண் இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு அத்தையின் பதிலும் ஒரு காரணம்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, ஓராண்டுப் பயிரை நான் தாழ்த்துகிறேன் என்பது. அப்படியல்ல. போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்த மிளகாய், ஆண்டுக்காண்டு செத்துச் செத்தே நானூறு ஆண்டுகளைத் தாண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து எந்தப் பனையையும்விட அதற்கு வயது அதிகம். களத்தில் காயும் வற்றலில் எது விதைக்கு என்று பொறுக்கி, சாம்பல் கலந்து பானையில் கட்டிவைத்த கைகள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊருக்குக் கிடைத்தது, பானை எப்போதும்போல அடுப்படியில் இருந்தது. தொலைநோக்கு இல்லாதவள் எனப்பட்ட என் அத்தை, ஒரு வருசம்கூட விதையைத் தின்றுவிட்டதில்லை.

இரண்டாவது மறுப்பு கடினமானது. பரம்பரை நிலம் உள்ள வீட்டுப் பெண்ணாகிய நான் பங்கு பற்றிப் பேசுகிறேன். பங்கு கேட்க ஒரு குழி நிலமும் இல்லாத பெண்கள்தான் எங்கள் நிலத்தில் களையெடுத்தவர்கள், பழம் பறித்தவர்கள். அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பட்டா ஒன்றுதான் நீண்ட காலச் சிந்தனைக்கு வழி என்றால், நிலமற்றவர்களுக்கு எதிர்காலமே கிடையாது என்றாகிவிடும்.

இதற்கு விடை தேடும்போது கடலைப் பார்க்க வேண்டியிருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள், ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அவர்களிடம் எந்தப் பத்திரமும் இல்லை. ஆனாலும் அவர்கள் தங்களுக்குள் பேசி விதிகள் வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திக்கொள்வது. அடி மிஞ்சினால்தான் பாசி மறுபடி தழைக்கும். இந்தப் பெண்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது.

யாருக்கும் சொந்தமில்லாத கடலில், சட்டம் துரத்துகிற நேரத்தில், நாளைக்கு என்று அடியை விட்டுவைக்க அவர்களால் முடிந்தது எப்படி? நாளையும் இங்கேதான் வருவோம், வந்தே தீருவோம் என்று கூட்டாக முடிவு செய்திருந்தார்கள். ஆகவே, பல்லாண்டுக்கு நடுவதற்கு வேண்டியது திரும்பி வரும் உரிமை. பட்டா அதன் ஒரு வடிவம். பலர் சேர்ந்து நிற்பது இன்னொரு வடிவம். அத்தைக்கு இரண்டும் இல்லை. அவள் தனியாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். காரியம் முடிந்த மாதமே தம்பிகள் விடுதலைப் பத்திரத்தோடு வந்தார்கள். "ஒரு கையெழுத்துத்தானேக்கா" என்றான் சின்னவன். ஊரில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் போட்ட கையெழுத்து. போட்டால் பொங்கல் சீர் வரும், தாய்மாமன் முறைக்கு ஆள் வரும். நான் போடவில்லை. காரணம் என் பங்கு மட்டுமல்ல. எங்கள் மூவர் பங்குக்குள்ளும் அத்தையின் பாகம் புதைந்து கிடக்கிறது. என் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு நான் நியாயம் பேசினால், அவளுக்குத் தயவு காட்டும் இடத்தில் அப்பாவுக்குப் பதிலாக நான் உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் கண்மாய்த் துண்டை அத்தை பெயருக்கு எழுதுங்கள், பிறகு நம் பாகத்தைப் பேசுவோம் என்றேன். பெரியவன் கேட்டான்: "எழுபத்தெட்டு வயசாச்சு. அவுக பேருக்கு இனிமே எதுக்கு?"

அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. பனை வைக்கிற கிழவனிடம் உனக்கு எத்தனை வயசு, இனி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்குப் பழமொழி சொல்கிறார்கள். அத்தை பெயரில் ஒரு துண்டு நிலம் எழுதப்பட்டால், அவளுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பெண் திண்ணையில் உட்கார வேண்டியதில்லை என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கும். அதுவும் பனை வைப்பதுதான்.

தம்பிகள் நான்கு மாதமாகப் பேசவில்லை. அத்தை சொன்ன கணக்கு சரிதான் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெரிகிறது. தீபாவளிக்குக் கூப்பிடுவார்களா என்பது தெரியாது. இந்த விலையைச் சொல்லாமல், பங்கைக் கேளுங்கள் என்று மட்டும் மாணவிகளிடம் சொல்வது நேர்மையாகாது.

போன புரட்டாசியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு அந்தத் துண்டுக்குப் போனேன். பையில் பத்துப் பனங்கொட்டை இருந்தது. பனையில் ஆண், பெண் தனித்தனி மரம். எது எது என்று முதல் பாளை விடும்வரை யாருக்கும் தெரியாது. அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே குழி, ஒரே மண். முளைத்துப் பாளை விடும்போது எனக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும்.

அத்தை குழியைப் பார்த்தாள், பிறகு வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள். "யார்ட்ட கேட்ட?" என்றாள்.

யாரிடமும் கேட்கவில்லை, தம்பிகளுக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொட்டையை வாங்கி, எது மேலே எது கீழே என்று திருப்பிப் பார்த்து, குனிந்து வைத்தாள்.