மழை குறைந்த மண்ணின் பாடம்

பாலைவனம் என்றதும் நம் பாடங்கள் மணல்மேட்டையும் ஒட்டகத்தையும் காட்டி முடித்துவிடுகின்றன. அங்கு வாழும் மனிதர்களின் அறிவு வகுப்பறைக்கு வருவதே இல்லை.

ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பகுதியில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். அங்கே பாலிவால் சமூகத்தார் 15ஆம் நூற்றாண்டிலேயே ‘கடீன்’ அமைத்தார்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண்கரை தடுத்து நிறுத்தும். நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அந்த ஈரத்தை நம்பியே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். எவ்வளவு பெரிய அறிவு இது!

சகாராவின் பரப்பளவை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இதையும் சொல்ல வேண்டாமா? ஆசிரியர்களே, அடுத்த முறை தார்ப் பாலைவனம் நடத்தும்போது கடீனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.