பகிடியின் இரு பொருள்

வாசற்படியில் சும்மா குந்தியிருக்கும் மகனிடம், "படியிலே இருந்தது காணும், இனிப் படி!" என்கிறாள் தாய். அதில் கண்டிப்பும் உண்டு, சிரிப்பும் உண்டு. "மக்கு" என்று ஏசியிருந்தால் காயமே மிஞ்சியிருக்கும்.

பகிடி பாவமா? 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை ஆராய்ந்தார். அளவான விளையாட்டுப் பேச்சு மனத்துக்கு ஓய்வு என்றார். தானும் சிரியாது, பிறர் சிரிப்பையும் கெடுப்பது குற்றம் என்றார். ஆயினும் மூன்று வரம்புகளை விதித்தார்: சொல் ஆபாசமாகவோ புண்படுத்துவதாகவோ இருத்தலாகாது, மனநிதானம் குலையலாகாது, ஆளும் இடமும் நேரமும் பொருந்த வேண்டும்.

சிலேடையில் ஒரு சொல்லுக்கு இரு பொருள். பகிடிக்கும் அப்படியே: சொன்னவர் நினைத்தது ஒன்று, கேட்டவர் நெஞ்சில் தைத்தது மற்றொன்று. "பகிடிக்குத்தானே சொன்னேன்" என்ற சமாதானம் முதற்பொருளை மட்டுமே காட்டும். இன்றிரவு சாப்பாட்டு வேளையில் வீட்டார் சிரிக்கும்போது, சிரிக்காதிருப்பவர் யார் என்று சற்றுப் பாருங்கள்.