ஆனந்தனின் ஆயிரம் வண்டிகள்

மரக்காணத்து உப்பளங்களில் தை பிறந்து வெயில் ஏறிவிட்டால், வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும்வரை லோடு வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. மொத்த வியாபாரிக்குப் போகிற உப்பு லாரியில் போய்விடும். அதில் குழப்பம் ஒன்றுமில்லை. குழப்பமெல்லாம் நடுவில் நிற்கிற ஆளுக்குத்தான். கருவாடு போடும் குப்பங்கள், புதுச்சேரிக் கடைகள், திண்டிவனத்து மண்டி, ஆரோவிலைச் சுற்றியுள்ள கிராமங்கள் என்று பத்து மூட்டை இங்கே, இருபது மூட்டை அங்கே இறக்குகிறவர், வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று முடிவு செய்கிற நாளில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. குட்டி யானை போதுமா, இல்லை பெரிய பிக்கப்பாகவே எடுத்துவிடலாமா?

குட்டி யானை என்று தமிழ்நாடே செல்லப்பெயர் வைத்த டாடா ஏஸ் 2005-இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 700 சிசி டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை. 2011-இல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் ஒன்றேகால் டன் தாங்கும். மஹிந்திராவின் பொலிரோ பிக்கப்பில் பெரிய ரகத்தை எடுத்தால் 1.7 டன். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் முறையே 15, 25, 34 மூட்டைகள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரை கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. ஆக, சட்டம் இந்தத் தேர்வில் பெரிதாகத் தலையிடவில்லை. ஃபைனான்ஸ்காரர் தலையிடுவார், ஆனால் அவருக்கு வண்டியின் அளவைவிட மாதா மாதம் கட்டுகிற டியூவின் அளவுதான் முக்கியம்.

இதில் தர்மமும் தத்துவமும் எங்கே வந்தன என்று கேட்கலாம். மரக்காணம் இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தைத் தாண்டிச் செஞ்சிப் பக்கம் போனால் மேல்சித்தாமூர் வரும். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கேதான் இருக்கிறது. வண்டி வாங்குவதை ஓர் அறக்கேள்வியாகவே எடுத்து, தப்புகளை எண்ணிப் பட்டியல் போட்டவர்கள் சமணர்கள். துறவிக்கு எதையும் உடைமையாக வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அவரோடு வழக்கு முடிந்துவிடுகிறது. சிக்கல் இல்லறத்தானுக்கு. அவனுக்கு வயல் வேண்டும், மாடு வேண்டும், வண்டி வேண்டும். அவனுக்கென்று வைத்த விரதம்தான் உடைமைக்கு அளவு கட்டுவது. இன்னது இத்தனை, இதற்கு மேல் வேண்டாம் என்று தானே ஒரு கோடு போட்டுக்கொள்வது.

காஞ்சியோடு மரபு சேர்த்துச் சொல்கிற சமந்தபத்திரர், இல்லறத்தாருக்காக எழுதிய ‘இரத்னகரண்டக சிராவகாசாரம்’ என்ற வடமொழி நூலில் இந்த விரதத்துக்கு ஐந்து மீறல்களைச் சொல்கிறார். அதைத் தழுவித்தான் தமிழில் ‘அருங்கலச்செப்பு’ எழுந்தது. அந்த ஐந்தும் வண்டிக் கடைக்காரருக்காகவே எழுதியவை மாதிரி இருக்கின்றன. வண்டி வாகன விஷயத்தில் அளவு மீறுவது ஒன்று. தேவைக்கு மேல் குவிப்பது ஒன்று. அடுத்தவன் செல்வத்தைப் பார்த்து வாயைப் பிளப்பது ஒன்று. பேராசை ஒன்று. கடைசியாக, தாங்குவதற்கு மேல் சுமை ஏற்றுவது.

முதலும் கடைசியும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தேவைக்கு மேல் வண்டி வைப்பதும் குற்றம், இருக்கிற வண்டியில் தேவைக்கு மேல் ஏற்றுவதும் குற்றம். சின்ன வண்டி எடுத்ததாலேயே ஒருவர் புண்ணியவான் ஆகிவிட முடியாது. போதாததற்கு, அளவுக்கு மீறிச் சுமையேற்றுவதைச் சமணர் கொல்லாமை விரதத்தின் மீறல்களிலும் சேர்த்திருக்கிறார்கள். கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, சோறு தண்ணீர் கொடுக்காமல் விடுவது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அதுவும் நிற்கிறது. இரண்டு விரதங்களுக்கும் பொதுவாக விழுந்த குற்றம் என்றால் அது ஓவர்லோடுதான்.

சரி, அளவு என்றால் எவ்வளவு? இங்கேதான் ஆனந்தன் வருகிறான். சுவேதாம்பர சமணரின் ஆகம நூல்களில் ஒன்றான ‘உபாசகதசா’வில், மகாவீரரிடம் நேரில் வந்து இல்லற விரதம் ஏற்கிற முதல் ஆள். அவன் போட்டுக்கொண்ட கோடு: வெளியூர் வணிகத்துக்கு 500 வண்டி, உள்ளூர் வேலைக்கு 500 வண்டி, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆயிரம் வண்டி வைத்துக்கொண்டு ஒருவன் உடைமைக்கு அளவு கட்டினேன் என்றால் இன்றைய வாசகருக்குச் சிரிப்புத்தான் வரும். மகாவீரர் சிரித்ததாகத் தெரியவில்லை. குறைத்துக்கொள் என்று சொன்னதாகவும் இல்லை. எண் ஆனந்தனுடையது. விரதம் கேட்டது இரண்டைத்தான்: எண்ணைச் சொல்ல வேண்டும்; ஆசை வந்து நிற்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

பிக்கப் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் செய்யாதது இந்த இரண்டாவதைத்தான். ஷோரூமுக்குள் நுழைந்த பிறகு அளவு கட்ட முடியாது. இன்னும் ஒன்றரை லட்சம் போட்டால் அடுத்த ரகம், டியூவில் சில ஆயிரம்தான் வித்தியாசம் என்று விற்பனையாளர் சொல்லும்போது, வாங்குகிறவரின் பார்வை பக்கத்தில் பளபளவென்று நிற்கிற பெரிய வண்டியின் மேல் இருக்கும். சமந்தபத்திரர் வாயைப் பிளப்பதைத் தனியாக ஒரு குற்றமாக வைத்த காரணம் அங்கே போய் நின்றால் புரியும்.

இந்த வாய்பிளப்பு ஒரு நாட்டின் சாலையையே மாற்றிவிடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே ‘மிட்சைஸ்’ என்றால் டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர் வகை; ‘ஃபுல்சைஸ்’ என்றால் ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ வகை. இந்தியாவில் 2022 முதல் விற்பனையாகும் டொயோட்டா ஹைலக்ஸ் நம்மூர்த் தெருவுக்குப் பூதம், அகலம் 1.85 மீட்டர். எஃப்-150 கண்ணாடிகளை விட்டுவிட்டே இரண்டு மீட்டரைத் தாண்டும். இந்தப் பெருக்கத்துக்கு ஆசையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வெளிநாட்டு பிக்கப்புகளுக்கு அமெரிக்கா 1964 முதல் 25 சதவீத வரி போட்டு, ஜப்பானியச் சின்ன வண்டிகள் மலிவாக உள்ளே வருவதைத் தடுத்தது. எரிபொருள் சிக்கன விதியும் சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பு கூடக்கூடத் தளர்ந்துகொடுக்கிறது. பெரிதாகச் செய்தால் இலக்கு சுலபம் என்றால் எந்தக் கம்பெனி சின்னதாகச் செய்யும்? இதன் விலையைக் கட்டியது வண்டிக்காரர் அல்ல. பானெட்டின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் கண்டு சொன்னது.

நம் பக்கத்துப் பாவம் வேறு வகை. இங்கே வண்டி சின்னது, சுமை பெரிது. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்ற வேண்டும் என்றால் மெக்கானிக்கிடம் போய்ப் பின்பக்கம் கூடுதலாகப் பட்டை போடச் சொல்வார்கள். வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கில் இன்னும் ஒன்றோ இரண்டோ சொருகினால் வண்டி பின்னால் குந்தாது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் பட்டை கூடியதே தவிர பிரேக் கூடவில்லை, அச்சு கூடவில்லை, டயரும் சேஸும் பழையவைதான். முன்பு பட்டை குந்தியபோது, போதும் இறக்கு என்று வண்டி வாய்விட்டுச் சொன்னது. இப்போது அந்த வாயையும் அடைத்தாகிவிட்டது. உப்பு என்றால் இன்னும் மோசம். ஈர உப்பிலிருந்து வடிகிற நீர் தளத்தின் இடுக்கு வழியே இறங்கிப் பட்டைகளுக்கு நடுவே தங்கி, உள்ளுக்குள்ளேயே அரிக்கும். 2019-இல் திருத்திய சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். அபராதம் பிடிபட்டால்தான், அரிப்புக்கு அந்த நிபந்தனை இல்லை.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் வருகிறது, அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அரசன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடைபோடுவதைப் பற்றிய ‘வலியறிதல்’ அதிகாரம் அது. வண்டிக்குப் பிறகு மரக்கிளையின் நுனி வருகிறது. அதன் பிறகு படை, பகை எல்லாம் ஒதுங்கி, வரவு செலவு தொடங்கிவிடுகிறது. தன்னிடம் இருப்பதன் அளவறிந்து கொடுப்பது, வருமானம் சிறிதானாலும் செலவு பெருகாமல் காப்பது, அளவு தெரியாமல் வாழ்கிறவன் வாழ்வு கெடுவது என்று போகிறது. அச்சிலிருந்து பணப்பைக்கு வள்ளுவர் இவ்வளவு சுலபமாகத் தாவியிருப்பது தற்செயல் என்று நம்ப முடியவில்லை. வண்டிக் கடன் வாங்குகிறவருக்கு இரண்டு அச்சு. ஒன்று வண்டியின் அடியில், ஒன்று வீட்டில்.

பெரிய வண்டி எடுப்பவருக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. இன்றைக்குப் பதினைந்து மூட்டைதான். நாளைக்கு முப்பது வந்தால்? ஆர்டர் வருகிற நேரத்தில் வண்டி இல்லாமல் கையைப் பிசைவதா? அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை. இதற்குப் பதில், இதே கடற்கரை உப்பு வணிகத்தின் பழங்காலத்திலிருந்து கிடைக்கிறது. மரக்காணம், சிறுபாணாற்றுப்படை பாடுகிற ஓய்மா நாட்டு எயிற்பட்டினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப்போனவர்கள் உமணர்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் அவர்கள் வண்டியைக் காட்டுகிறார். இளைய மாடுகள், நிறைந்த சுமை, மேடு பள்ளம் எங்கே வரும் என்று தெரியாத வழி. உமணர் என்ன செய்தார்கள்? வண்டியின் அடிமரத்தில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நாளைக்கு என்ன வருமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. அதற்காக வண்டியைப் பெரிதாக்கிக்கொண்டு வருஷம் முழுக்க மாடுகளை இழுக்கவைக்கவில்லை. இன்றைய கணக்கில், சீசன் உச்சத்தில் வருகிற சில நாட்களுக்குத் தெரிந்தவரின் பெரிய வண்டியை வாடகைக்குப் பேசி வைத்திருப்பது அந்த உபரி அச்சுக்குச் சமம்.

இந்தக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே வந்தால், நாளைக்காகப் பெரிதாக எடுப்பது என்ற வாதத்தை ஒரு நகரத்தின் அளவுக்கு வளர்த்தெடுத்த இடம் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கிய ஆரோவில் 50,000 பேருக்கான நகரமாகத் திட்டமிடப்பட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் குடியிருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம்தான். 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்களை வெட்ட புல்டோசர் வந்தபோது வெடித்த சண்டையின் அடியில் இருந்ததும் இந்தக் கேள்விதான். வரப்போகிறவர்களுக்காக இப்போதே இடத்தை அகலப்படுத்துவது நம்பிக்கையா, அத்துமீறலா? பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் வேலையை நிறுத்தச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு முடிந்தாலும் கேள்வி முடியவில்லை.

சிறியதே சிறப்பு என்று ஆரோவிலின் மூலவர்கள் சொல்லவும் இல்லை. ஸ்ரீ அரவிந்தர் 1928-இல் வெளியான ‘அன்னை’ என்ற சிறு நூலில், பணத்தைக் கண்டு துறவி மாதிரி ஒதுங்கவும் கூடாது, அதற்கு அடிமையாகவும் கூடாது, தெய்வத்தின் சொத்துக்குத் தர்மகர்த்தாவாக இருந்து நடத்த வேண்டும் என்கிற நிலையை எடுக்கிறார். ஆரோவில் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, மனித குலம் முழுமைக்கும் உரியது என்பது அதன் சாசனத்தின் முதல் வாசகத்தின் சாரம்; அங்கே கட்டிய வீடுகூடக் குடியிருப்பவரின் சொத்து ஆகாது. இந்தப் பார்வையில் ஆனந்தனின் கோடு வேறு இடத்துக்கு நகர்கிறது. எத்தனை வண்டி என்பதல்ல, யாருக்காக ஓடுகிறது என்பதே கேள்வி. அழகான நிலைதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தர்மகர்த்தா என்று சொல்லிக்கொள்கிறவருக்கு எந்த அளவும் பெரிதாகத் தெரியாது, எல்லாம் தெய்வத்துக்குத்தானே! சமணர் கேட்கிற எண் ஒன்று கையில் இருந்தால் அவரையும் நிறுத்திக் கேட்கலாம்.

இந்த வாதங்கள் எல்லாம் வண்டி வாங்குகிறவரைச் சுற்றியே நடக்கின்றன. மூட்டையைத் தூக்குகிறவர் எதிலும் இல்லை. குட்டி யானையின் தளம் இடுப்புக்குக் கீழே நிற்கும். முதுகிலிருக்கும் மூட்டையைச் சற்றே சாய்த்தால் போதும். பெரிய பிக்கப்பில் தளம் இன்னும் உயர்ந்துவிடுகிறது. லாரி என்றால் சாய்வாகப் பலகை போட்டு, மூட்டையோடு அதன் மேல் ஏறிப் போக வேண்டும். வயது வந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967 பரிந்துரை. அது எடையைச் சொல்கிறது. ஐம்பது கிலோவை இடுப்புயரத்துக்குத் தூக்குவதும் தோளுயரத்துக்குத் தூக்குவதும் ஒன்றல்ல என்பது, முப்பத்து நாலாவது மூட்டையை ஏற்றும்போது அந்த முதுகுக்குத் தெரியும். மாட்டுக்கு அதிகச் சுமை ஏற்றுவதைக் குற்றம் என்ற அந்தச் சமணப் பட்டியலை இங்கேயும் நீட்டலாம், நீட்ட வேண்டும். ஷோரூம் துண்டுத்தாளில் எத்தனை டன், எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். தளத்தின் உயரத்தை விசாரிக்கிறவர்கள் அபூர்வம். வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக்கைக் கூட்டிப் போகிற வழக்கம் ஊரெங்கும் உண்டு. லோடுமேனையும் கூட்டிப் போகலாம்.